பழைய நத்தார் கண்ணாடி விளக்குகள்: வன்னியில் இருந்து சேர்ப்பவர் எதில் தொடங்கலாம்?

"கனடாவில இருக்கிற அத்தை கராஜ் சேலில ஒரு பெட்டி பழைய நத்தார் பல்ப் கண்டவவாம். வாங்கி அனுப்பவா எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?" முழங்காவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டது இது. வங்காலை வாசகர் ஒருவர், லண்டனில் இருக்கும் தம்பி அனுப்பிய நீலக் கண்ணாடிக் கிண்ணங்களின் படத்தைக் காட்டி, இவை உண்மையிலேயே நத்தார் விளக்குகள்தானா, காசு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். இருவருக்கும் குழப்பம் ஒன்றுதான்: கையில் உள்ள காசுக்கு எந்த வகையில் தொடங்குவது?

இந்த விளக்குகளைச் சேர்ப்பது பற்றி வெளிநாட்டில் சொல்லப்படும் அறிவுரைகள் நமக்குப் பாதிதான் உதவும். அங்கே பாட்டி வீட்டுப் பரணை ஒருமுறை கிளறினாலே ஏதாவது அகப்படும். முல்லைத்தீவுக் கரையில் இருந்த வீட்டுச் சாமான்களை 2004 டிசம்பர் 26 இல், நத்தாருக்கு மறுநாள், கடல் கொண்டுபோனது. மிஞ்சியதை 2009 வரையான இடப்பெயர்வுகளில் வழிவழியே விட்டுவிட்டு வந்தோம். ஆகவே வன்னியில் இருந்து சேர்ப்பவருக்குப் பொருள் வெளியில் இருந்துதான் வரவேண்டும். ஒரு தவறான பெட்டியை வரவழைத்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் விலையை விடக் கூட.

## எதை வைத்து அளப்பது

முதலில், எரிய வைக்கவா அல்லது வைத்துப் பார்க்கவா என்று முடிவெடுங்கள். விலை, வயர், பெட்டி எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

அடுத்தது கரண்ட். நமக்கு 230 வோல்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120. பிரித்தானியாவின் பழைய சரங்கள் 240க்குச் செய்யப்பட்டவை. ஒரு பழைய சரம் இங்கே எரியுமா, வெடிக்குமா என்பது இந்த எண்களில் இருக்கிறது.

மூன்றாவது நமது காலநிலை. நத்தார் வருவது மாரி மழைக்கு நடுவில். கரையோர வீடென்றால் உப்புக்காற்று பல்பின் பித்தளை அடியைப் பச்சைக் களிம்பாக்கிவிடும். கரையை விட்டு ஊருக்கு உள்ளே போனால் கறையான். பழைய விளக்குகளில் மூல அட்டைப் பெட்டிக்கே தனி மதிப்பு உண்டு. கறையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் மிகவும் பிடித்ததும் அதே அட்டைதான்.

பிறகு, உடைந்தால் என்ன ஆகும் என்பது. சில வகைகளில் நட்டம் கண்ணாடி மட்டும். ஒரு வகையில் உள்ளே நச்சுத் திரவம் இருக்கிறது.

கடைசியில் செலவு. ஏலத்தில் கட்டிய விலையைச் செலவென்று நினைக்க வேண்டாம். அனுப்புகூலி, சுங்கம், கொழும்பில் இருந்து ஏ9 வழியாக வரும் லொறிக் கூலி, ட்ரான்ஸ்போமர், புதிய வயர், ஹோல்டர் எல்லாம் சேர்ந்து விளக்கின் விலையைத் தாண்டுவது சாதாரணம்.

## எண்ணெய்க் கிண்ணம்

வங்காலை வாசகரின் படத்தில் இருந்தவை இவை. உள்ளங்கைக்குள் அடங்கும் தடித்த கண்ணாடிக் கிண்ணம், வெளிப்புறம் முழுக்கச் சாய்சதுரப் புடைப்பு. வாய்க்குச் சற்றுக் கீழே கழுத்து ஒடுங்கும். அங்கே கம்பி சுற்றித் தொங்கவிடுவார்கள். கடும் நீலம், தேன் நிறம், ஊதா, பச்சை, பால் வெள்ளை என்று கிடைக்கும். கிண்ணத்தில் முக்காலுக்குத் தண்ணீர், அதன்மேல் ஒரு படை எண்ணெய், அதில் மிதக்கும் திரி. எண்ணெய் முடிந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானாக அணையும். அடியில் தண்ணீர் நிற்பதால் கண்ணாடியும் சூடேறி வெடிக்காது. எளிமையான, நல்ல யோசனை.

மின்சாரம் வருவதற்கு முன்னர் இங்கிலாந்தில் பூந்தோட்டங்களை இவற்றால் அலங்கரித்தார்கள். விக்டோரியா மகாராணியின் 1887, 1897 விழாக்களிலும் வரிசை வரிசையாக எரிந்தன. நத்தார் மரத்திலும் தொங்கியதால் அங்கே சேர்ப்பவர்கள் இவற்றையும் நத்தார் விளக்கென்றே சொல்கிறார்கள். லண்டனில் வாணவேடிக்கை நடத்திய புரொக் நிறுவனத்தின் பெயர் பொறித்தவையும் உண்டு. பெயர் இருந்தால் விலையும் ஏறும். (மெழுகுதிரி வைத்துக் குவிமூடி போடும் சாமுவேல் கிளார்க்கின் 1880களின் 'ஃபெயரி' விளக்குகள் வேறு குடும்பம். அவற்றின் அடியும் மூடியும் சோடியாகக் கிடைப்பது கடினம் என்பதால் தொடக்கக்காரருக்கு நான் சொல்வதில்லை.)

நமது இடத்துக்கு மிகவும் பொருந்துவது இந்த வகைதான். வோல்ட் கணக்கில்லை, கரண்ட் போனாலும் கவலையில்லை. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையில் உறையத் தொடங்குவதால் மார்கழி விடியற்புறத்தில் கொஞ்சம் கலங்கி நிற்கும். நல்லெண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றவே கூடாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் "நாங்கள் மண்ணெண்ணெயில்தானே எரித்தோம்" என்பார்கள். அந்தப் போத்தலுக்கு மூடி இருந்தது, திரி மூடியின் ஓட்டைக்குள் நின்றது. இது வாய் திறந்த கிண்ணம். பற்றினால் மேற்பரப்பு முழுதும் பற்றும்.

அடி ஒடுங்கியது என்பதையும் மறக்க வேண்டாம். தொங்கவிடச் செய்த பொருளை மேசையில் வைத்தால் கவிழும். போத்தல் விளக்குக் கவிழ்ந்து எரிந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்த விஜய கொடகும்புர, குட்டையாகவும் பாரமாகவும் பக்கம் தட்டையாகவும் ஒரு விளக்கை வடிவமைத்தது இந்த ஆபத்தைக் கண்டுதான். ஆகவே விறாந்தை வளையில் கம்பி போட்டுத் தொங்கவிடுங்கள். சவுக்கங் கொப்பு இந்தப் பாரத்தைத் தாங்காது. வைக்கோலும் கிடுகும் போட்ட பாலன் குடிலுக்குப் பக்கத்தில் இவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மறைவான செலவு இரண்டு. தடித்த கண்ணாடி என்பதால் அனுப்புகூலி எடைக்கு ஏறும். இரண்டாவது, போலி. பழைய கிண்ணத்தின் வாய் ஊதுகுழலில் இருந்து முறித்தபடி சொரசொரப்பாக இருக்கும். விரலால் தடவினால் தெரியும். புதியவற்றின் வாய் தீயில் உருகி வழுவழுப்பாக இருக்கும். அடியில் தேய்மானம், உள்ளே சிறு காற்றுக் குமிழ்கள், பக்கத்தில் அச்சுத் தழும்பு, இம்மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா லைட்டில் மஞ்சட்பச்சைக் கண்ணாடி பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் கலந்திருக்கிறது. பார்க்க வடிவு. ஆனால் பிற்காலத்திலும் அப்படிக் கண்ணாடி செய்தார்கள் என்பதால், பழமைக்கு அதை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது.

## உருவ பல்புகள்

கனடா அத்தையின் பெட்டியில் பெரும்பாலும் இருக்கக்கூடியவை. நத்தார் தாத்தா, பறவை, பழம், வீடு, லாந்தர் என்று உருவமெடுத்த சின்னச் சின்ன பல்புகள்.

எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜோன்சன் 1882 இல் நியூயோர்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 பல்புகளைக் கையால் வயர் பூட்டி எரித்தார். 1903 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் பூட்டியபடியே சரமாக விற்கத் தொடங்கியது. உருவ பல்புகள் 1909 அளவில் வியன்னாவில் இருந்து வந்தன. தெளிந்த கண்ணாடி, கையால் தீட்டிய நிறம். முதலாம் உலகப் போர் அந்த வழியை அடைத்ததும் ஜப்பான் சந்தையைப் பிடித்தது. பிறகு ஜப்பானியர்கள் பால் வெள்ளைக் கண்ணாடிக்கு மாறினார்கள். இன்று அதிகம் கிடைப்பது அதுதான்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் சிவப்புக் கோட்டு மடிப்புகளில் அப்படியே இருக்கும். மூக்கிலும் தொந்தியிலும் துருத்திய இடமெல்லாம் உரிந்து வெள்ளை தெரியும். கண்ணாடிக்கும் நிறத்துக்கும் ஒட்டு குறைவு. பல்ப் எரிந்து சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உதிரும். ஈரத் துணியால் துடைத்தால் மிச்சமும் துணியோடு வந்துவிடும். மென்மையான காய்ந்த பிரஷ் போதும். "ஜப்பான்" என்று அடியில் இருந்தால் சாதாரணம். "ஆக்கிரமிப்பு ஜப்பான்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், 1945 முதல் 1952 வரையான அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்துச் சரக்கு.

இனி கரண்ட் கதை. இவை பெரும்பாலும் 15 வோல்ட் பல்புகள், எட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து 120 வோல்டில் எரிப்பார்கள். அதே எட்டை நம் பிளக்கில் சொருகினால் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 29 வோல்ட். கண் இமைக்கும் நேரத்தில் எட்டும் முடிந்தது. பதினாறைத் தொடராக இணைத்தால் கணக்கு ஒத்துவரும், ஒன்றுக்கு 14.4 வோல்ட். ஆனால் ஒன்று போனால் பதினாறும் அணையும். இருட்டில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பொறுமை வேண்டும். இறக்கு ட்ரான்ஸ்போமர் புறக்கோட்டையில் வாங்கலாம். மலிவானவை பெரும்பாலும் ஓட்டோ ட்ரான்ஸ்போமர்கள். அவை வோல்டைக் குறைக்கும், ஆனால் நம்மை மெயின் கரண்டில் இருந்து பிரிக்காது. எண்பது தொண்ணூறு வருடத் துணிவயரை அதில் பூட்டிப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நான் சொல்லும் வழி வேறு. இந்த பல்பின் திருகு அடி, பழைய சைக்கிள் முன்லைட் பல்பின் அடிதான். அதனால் சைக்கிள் கடையில் கிடைக்கும் ஹோல்டரே பொருந்தும். போர்க்காலத்தில் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட ஊர்களில் இதைப் பூட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் பேட்டரியில், நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு, சமாந்தரமாக இணையுங்கள். 15 வோல்ட் பல்ப் 12இல் சற்று மங்கலாக, மஞ்சளாக எரியும். வோல்ட் குறைந்தால் இழையின் ஆயுள் பல மடங்கு கூடும், சூடும் குறையும், நிறமும் மெதுவாகத்தான் உரியும். ஒன்று போனாலும் மற்றவை எரியும். சோலார் பேட்டரி உள்ள வீடென்றால் இரவு முழுக்கக் காணும். மூல வயரை வெட்டாமல் சுருட்டிப் பெட்டியில் வையுங்கள், அது காட்சிக்கு.

## பபிள் லைட்

மெழுகுதிரி போன்ற கண்ணாடிக் குழாய், உள்ளே நிறத் திரவம், அடியில் பல்ப். சூடேறியதும் குமிழி குமிழியாகக் கொதிக்கும். கார்ல் ஓட்டிஸ் கண்டுபிடித்தது. நோமா நிறுவனம் 1946 இல் சந்தைக்குக் கொண்டுவந்து பெரும் வெற்றி கண்டது. பிள்ளைகளுக்கு இதைப் போல மயக்கும் நத்தார் விளக்கு வேறில்லை. ஆசைப்படுவது நியாயம்தான்.

ஆனால் அந்தத் திரவம் மெத்திலீன் குளோரைட். ஏறத்தாழ 40 பாகையிலேயே கொதிக்கும் என்பதால்தான் சின்ன பல்பின் சூடு போதுமானதாக இருக்கிறது. அது நச்சு. உடைந்தால் ஜன்னலைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். ஆபத்தான சரக்குப் பட்டியலில் உள்ள திரவம் என்பதால் உறவினர் சூட்கேசில் கொண்டுவருவதும் முறையில்லை. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசியில் பரண் வெப்பம் 40ஐத் தாண்டும். மூடிய மெல்லிய குழாயை அங்கே வைக்க எனக்கு மனம் வராது. மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் கவனம்: குழாய் கசிந்தால் இந்தத் திரவம் ரெஜிபோமையே கரைத்துவிடும்.

மேலே சொன்ன பேட்டரி வழியும் இதற்கு ஒத்துவராது. மங்கலாக எரியும் பல்ப் குழாயைச் சூடாக்காது, குமிழியும் வராது. பிற்காலத்து 120 வோல்ட் வகைக்கு ட்ரான்ஸ்போமர்தான் நல்ல வழி. ஆக, கல் வீடும் பூட்டிய அலுமாரியும் மெயின் கரண்டில் இருந்து பிரித்துக் கொடுக்கும் நல்ல ட்ரான்ஸ்போமரும் உள்ளவர் ஒன்றிரண்டு வாங்கலாம். மற்றவர்கள் இப்போதைக்கு விடலாம்.

## பிரித்தானியச் சரம்

பிஃப்கோ போன்ற பெயர்களில் லண்டன் உறவினர்களின் வீட்டுப் பக்கம் இன்னும் சுற்றுகின்றன. 20 வோல்ட் பல்ப் 12, அல்லது 12 வோல்ட் பல்ப் 20, எப்படிப் பெருக்கினாலும் 240. நம் 230இல் நேரே எரியும். இதைக் கேட்டதும் இதுதான் சரியான தெரிவு என்று தோன்றும், பலர் வாங்குவதும் அதனால்தான்.

சிக்கல் ஒன்று உண்டு. தொடராக இணைத்த சரத்தில் ஒரு பல்பைக் கழற்றினால் அந்த வெற்று ஹோல்டருக்குள் முழு 230 வோல்டும் நிற்கும். "ஒரு பல்ப் போய்விட்டது, எது என்று பார்ப்போம்" என்று பிளக்கைக் கழற்றாமல் விரலை விடுபவருக்கு அது போதும். மழை நாளில் ஈரத் தரையில் நின்றால் இன்னும் மோசம். கரண்ட் போய் வரும்போது ஏறும் வோல்டில் பழைய இழைகளும் முறியும். அதோடு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானியச் சரங்கள் பலவற்றில் வடிவான பகுதி பிளாஸ்டிக் மூடிதான், கண்ணாடி உள்ளே ஒளிந்திருக்கும் பல்ப் மட்டும். கண்ணாடி சேர்ப்பவருக்கு இது பாதி ஏமாற்றம்.

ஆனாலும் 20 பல்ப் சரம் கிடைத்தால் விடாதீர்கள். அதன் 12 வோல்ட் பல்ப் ஒவ்வொன்றும் நம் மோட்டார் சைக்கிள் பேட்டரியில் முழு வெளிச்சத்தோடு எரியும். மெயின் கரண்ட் பக்கமே போகத் தேவையில்லை.

## புதிய பிரதிகள்

பழைய உருவில் வரும் புதிய எல்இடி கண்ணாடி பல்புகள் மலிவு, சூடில்லை, மழைக்கும் தாங்கும். ஊர்க் கோயில் முகப்புக்கு இவைதான் சரி. சேர்க்கும் பொருளாகக் கணக்கில் எடுக்க மாட்டேன்.

| வகை | 230 வோல்டில் | 12 வோல்ட் பேட்டரியில் | உடைந்தால் |
|---|---|---|---|
| எண்ணெய்க் கிண்ணம் | தேவையில்லை | தேவையில்லை | கண்ணாடி, எண்ணெய், தீ |
| உருவ பல்ப் (15 வோல்ட்) | 16 தொடராக, இல்லையேல் ட்ரான்ஸ்போமர் | மங்கலாக, நீண்டகாலம் | மெல்லிய கண்ணாடி |
| பபிள் லைட் | ட்ரான்ஸ்போமர் | குமிழி வராது | நச்சுத் திரவம் |
| பிரித்தானிய 20 பல்ப் சரம் | நேரே எரியும், ஹோல்டரில் ஆபத்து | முழு வெளிச்சம் | மெல்லிய கண்ணாடி |

## சரி, யார் எதை வாங்குவது

வங்காலை வாசகருக்கு: வாயைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரப்பென்றால் வாங்கலாம். எரிக்கவும் வைத்துப் பார்க்கவும் ஒருசேர ஆசைப்படுபவருக்கு இந்தக் கிண்ணத்தை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. உப்புக்காற்று கண்ணாடியை ஒன்றும் செய்யாது. துருப்பிடிக்கும் கம்பியை மாற்றினால் போதும். நிறத்துக்கு ஒன்றாக நாலைந்து போதும், சரக்காக வாங்க வேண்டாம்.

முழங்காவில் வாசகிக்கு: அத்தையின் பெட்டி மலிவென்றால் வாங்கட்டும், ஆனால் அதில் பபிள் லைட் இருந்தால் அதை அங்கேயே வைத்துக்கொள்ளட்டும். உருவ பல்புகள் எரியாதவையாக இருந்தாலும் பரவாயில்லை. நிறம் நிறைந்து நிற்கும் எரியாத பல்ப், உரிந்துபோய் எரியும் பல்பை விட மேல். கரண்ட் வேலை தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால் பிரித்தானியச் சரத்தைத் தேடி மினக்கெட வேண்டாம்.

காசு கொடுப்பதற்கு முன், வாங்கி அனுப்பும் உறவினரிடம் மூன்று படம் கேளுங்கள்: பல்பின் பித்தளை அடி, பெட்டியில் அச்சிட்ட வோல்ட், பிளக். வாங்கியபின் பல்புகளை ஹோல்டரில் இருந்து கழற்றி, ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் சுற்றி, முட்டைத் தட்டுக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வயர் தனிப் பொட்டலம். விலைச்சீட்டு பெட்டிக்குள் இருக்கட்டும், சுங்கத்தில் கேட்பார்கள். கடல் வழிப் பெட்டியில் அரிசி மாவு, போர்வை, சப்பாத்து எல்லாம் சேர்த்து அனுப்புவது நம்மவர் வழக்கம். சப்பாத்தை மட்டும் வேறு பெட்டியில் போடச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் முட்டைத் தட்டைக் கழித்துவிட்டு இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, மூல அட்டைப் பெட்டியைத் தனியாக ஒரு பொலித்தீனில் கட்டி, தரையைத் தொடாமல் அலுமாரி மேல் தட்டில் வையுங்கள்.